பொங்கலன்று அப்பா ஊதிய சங்கு

ஒருகாலத்தில் ஐரோப்பியப் பணக்காரர்கள் நுரையீரலைத் தேற்றிக்கொள்ள சுவிஸ் மலைநகரான டாவோஸுக்கு வந்தார்களாம். அப்பா நுரையீரல் தேறிய பிறகுதான் அங்கே போய்ச் சேர்ந்தார், ஹோட்டலில் கோப்பை கழுவ. எல்லாம் முறைப்படி நடக்கும் நாட்டில் எங்கள் குடும்பத்துக்கு மட்டும் வரிசை மாறிவிட்டது.

எண்பதுகளில் நாங்கள் சுவிற்சர்லாந்தில் வந்திறங்கியதும் எடுத்த எக்ஸ்ரேயில் அப்பாவின் காசநோய் பிடிபட்டது. மாதக்கணக்கில் மாத்திரை, பிறகு சளிச் சோதனை, கடைசியில் குணமாகிவிட்டது என்று முத்திரை குத்திய சான்றிதழ். பின்னாளில் மாநில அலுவலகமொன்றில் கோப்புகளோடு வாழ்ந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: குறை காண முடியாத சான்றிதழ். ஆனால் அது ஜெர்மன் மொழியில் இருந்தது. இருமல் எல்லோருக்கும் விளங்கியது.

கிருமி போய்விட்டது, அது தின்ற நுரையீரல் திரும்பி வளராது என்று டாக்டர் அப்பாவிடம் சொல்லியிருந்தார். நம் சனத்துக்கு இரண்டும் ஒன்றுதான். வில் நகரத்தில் இருந்த மாமி, அப்பாவுடைய பெரியப்பாவின் மகள், எங்கள் வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். விசேஷங்களில் அம்மா சுட்டுக்கொண்டுபோகும் வடை மட்டும் தட்டில் அப்படியே கிடக்கும். என்னோடு விளையாட வந்த பிள்ளைகளைத் தாய்மார் பெயர் சொல்லித் திருப்பி அழைப்பார்கள்.

சித்தப்பா யோசனைகளுக்குப் பஞ்சமில்லாதவர். வில் நகரில் தேவாலய மண்டபமொன்றை வாடகைக்கு எடுத்துப் பொங்கல் பூசை வைப்பதென்று முடிவானதும் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணை, சங்கு நீங்கள்தான் ஊதுறியள். சங்கு ஊதுற ஆளுக்குக் கசம் எண்டு எவன் சொல்லுவான்?"

ஊர்க் கோயிலில் பூசைக்குச் சங்கு ஊதியவர் அப்பாதான்.

"பலூன் ஊதவே ஏலாது. நீ சங்கைக் கதைக்கிறாய்."

"ஊத வேண்டாம். கன்னத்தை மட்டும் உப்புங்கோ. மிச்சத்தைக் கசற் பாக்கும்."

ஊர்த் திருவிழாவில் தானே ஒலிப்பதிவு செய்த கசற் ஒன்றைச் சித்தப்பா பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார்.

பொங்கலன்று மண்டபத்துப் படிகளில் ஏறும்போது அப்பா பாதியில் நின்று அங்கிருந்த அறிவிப்புப் பலகையை நெடுநேரம் வாசித்தார். ஜெர்மன் படிப்பதில் அவருக்கு இவ்வளவு அக்கறையா என்று நான் பெருமைப்பட்டேன்.

சித்தப்பாவும் நானும் மேடைத் திரைக்குப் பின்னால் நின்றோம். தீபாராதனை தொடங்கியது. அப்பா சங்கை வாயில் வைத்துக் கண்ணை மூடினார். சித்தப்பா டேப் ரெக்கார்டரின் பொத்தானை அழுத்தினார். சங்கொலி ஒரே மூச்சில் நீண்டு எழுந்து மண்டபத்தை நிறைத்தது. எல்லோரும் கைகூப்பினார்கள், மாமி உட்பட. ஒலி முடிந்தது. அப்பா சங்கை இறக்கினார். கசற் முடியவில்லை.

"அண்ணை, காணும், நிப்பாட்டுங்கோ! ஐயர் பயந்திட்டார்!" என்றது சித்தப்பாவுடையதைப் போன்ற ஓர் இளம் குரல். பின்னாலேயே யாரோ ஒருவர் அடக்கமாட்டாமல் சிரித்தார். கணீரென்ற, நீண்ட சிரிப்பு, அதற்கும் பின்னால் ஒரு மணியோசை. சித்தப்பாவின் விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது. அவர் அழுத்தவில்லை.

மாமி வந்து திரையை விலக்கினார்.

"என்னடா விளையாட்டு இது? சாமிக்கு முன்னாலயோ?"

அப்பாதான் பேசினார்.

"அவனை ஏசாதேங்கோ, அக்கா. கசம் போயிட்டுது. அது உண்மை." நின்று மூச்செடுத்தார். "மூச்சுத்தான் திரும்பி வரேல்லை."

மாமி சித்தப்பாவிடம் திரும்பினார்.

"பின்னால கேட்டது எங்கட கோயில் மணியெல்லே?"

"ஓம்."

"இன்னொருக்காப் போடடா."

இரண்டாம் முறை யாரும் கன்னத்தை உப்பவில்லை. சங்கையும் மணியையும் சிரிப்பையும் மண்டபமே நின்று கேட்டது. மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நேரே போய் அம்மாவின் வடையொன்றை எடுத்துக் கடித்தார்.

"உப்புக் காணாது," என்றார்.

ஒரு குறையைக் கேட்டு அம்மா அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

திரும்பும் ரயிலில் அப்பாவிடம் கேட்டேன்: "கசற்றில சிரிச்சது ஆர்?"

அப்பா யன்னலில் படிந்திருந்த ஆவியைக் கையால் துடைத்தார்.

"எனக்குத் தெரிஞ்ச ஒராள்."

"அவர் இப்ப எங்க?"

சித்தப்பா சட்டென்று எழுந்து அடுத்த பெட்டிக்குப் போனார்.

"ஊரில நிண்டிட்டார்," என்றார் அப்பா.

எப்போதாவது ஊருக்குப் போனால் முதலில் அந்த ஆளைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தூங்கிவிட்டேன்.