ராசியான பொண்ணு

கடலூரில் அந்தக் குழந்தைகள் இல்லத்துக்கு யார் படியேறி வந்தாலும் பட்டம்மாளின் தொண்டையைத்தான் முதலில் கேட்பார்கள். தேவனாம்பட்டினத்துக்காரி. மீன் விற்ற குரல் அது. இல்லத்தில் ஆயா வேலை என்றாலும், பிள்ளைகளுக்கு வீடு பிடித்துத் தருவதும் தன் பொறுப்பு என்றே நினைத்திருந்தாள். எழுத்தராக இருந்த நான் கோப்பைத் திறப்பதற்குள், வந்தவர்களிடம் ஆரம்பித்துவிடுவாள்.

"தமிழினிய பாத்தீங்களா? ராசியான பொண்ணு. எந்த வூட்டுக்குப் போனாலும் வௌங்கிடும்!"

சும்மா அடித்துவிடுகிறாள் என்று எனக்குத் தெரியும். ஆறு வயதுப் பிள்ளையை யார் கேட்கிறார்கள்? எல்லோருக்கும் கைக்குழந்தைதான் வேண்டும். அதனால் நானும் வாயைத் திறக்கவில்லை.

2009இல் சிதம்பரத்திலிருந்து நடனசபாபதியும் அமராவதியும் வந்தார்கள். தத்து உத்தரவு வரும்வரை வளர்ப்புக்கென்று தமிழினியை அழைத்துப்போனார்கள். அமராவதி பாண்டிச்சேரியில் டெஸ்ட் டியூப் வைத்தியமும் பார்த்துக்கொண்டிருந்ததை எங்களிடம் மூச்சுவிடவில்லை. எட்டு மாதம் கழித்துத் தமிழினியோடு திரும்பி வந்தாள்.

"எனக்குக் கரு நின்னுடுச்சு ஆயா. ரெண்டு பேர பாத்துக்க முடியாது. எல்லாம் இவ வந்த ராசிதான்!"

தமிழினிக்கு முத்தம் கொடுத்து அழுதுவிட்டுப் போனாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறு வருடம் திட்டக்குடியிலிருந்து ஞானசேகரனும் அவர் மனைவி ப்ரீத்தியும் வந்து, தமிழினிதான் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டார்கள். பட்டம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளைக்குத் தலைவாரி, பூ வைத்து, துணிப்பையும் கையில் கொடுத்து நிறுத்தினாள்.

ப்ரீத்தி குரலைத் தாழ்த்தினாள். "ஆறு மாசம் மட்டும் வச்சிக்கலாமா ஆயா? அடுத்த மாசம் எனக்குக் கரு வைக்கிறாங்க. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில அமராவதி அக்காதான் சொன்னாங்க, இவ வூட்ல இருந்தா நிக்கும்னு. நீங்களே அப்பிடித்தான் சொல்வீங்களாமே?"

பட்டம்மாள் பிள்ளை கையில் கொடுத்த துணிப்பையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

தமிழினி ப்ரீத்தியிடம் போய் நின்றாள். "அக்கா, பாப்பா வராட்டி நான் அங்கயே இருந்துக்கலாமா?"

"ஐயோ, அப்பிடிச் சொல்லாதடி!" என்று பதறிய ப்ரீத்தி, இன்னும் கரு வைக்காத வயிற்றை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள்.