கைதட்டிவிட்டு நுழைபவர்

நெய்வேலிச் சுரங்கத்தில் தோண்டிய மண்ணைக் கொட்டிய மேட்டில் வளர்த்த காட்டில் களை வெட்ட எங்களோடு கான்ட்ராக்ட்டில் வந்தவர் கோத்தகிரிக்காரர். ஒல்லியான உடம்பு, காதுவரை இழுத்துவிட்ட கம்பளிக் குல்லா. புதருக்குள் நுழையுமுன் பலமாகக் கைதட்டுவார். கரடிக்காக மலையில் பழகியது.

"யாரக் கூப்டுகினு இருக்க? நெய்வேலில ஏதுய்யா கரடி?" என்று எல்லாரும் சிரிப்பார்கள்.

"பன்னி இருக்குதுங்களே," என்பார்.

ஒருநாள் என்னிடம் மட்டும் சொன்னார்: "சத்தம் கேட்டா கரடி தானா விலகிடுங்க. கூட வந்தவங்க சிரிப்பாங்கன்னு ஒரு தடவ தட்டாம போனேன். கரடி பாஞ்சு, பின்னால வந்த என் தம்பிக்குக் கண்ணு போச்சு. நான் இல்லாதப்ப நீங்க தட்டுங்க."

மறுநாள் அவர் வரவில்லை. நான் முன்னால் நின்றேன். எல்லாரும் பார்த்தார்கள். தட்டாமலே நுழைந்தேன். நல்லவேளை, பன்றி எதுவும் இல்லை.

அதற்கடுத்த நாள் வேலைக்குத் திரும்பி வந்தவர், "நேத்து தட்டுனீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. அந்த முகத்தை நேராகப் பார்க்க இன்றும் என்னால் முடிவதில்லை.