வரிமீன் குழம்பு

மீனைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருக்கும். என் கணவர் மாரடைப்பில் பிழைத்து வந்திருந்தார். மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் ஊர் மலைக்கோட்டைப் படிகளை ஒரே மூச்சில் ஏறியவர், இப்போது கோயில் வாசலிலேயே நின்று மூச்சு வாங்கினார். மதுரை டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டி, "இந்தப் பக்கத் தசை செத்துப்போச்சும்மா. தழும்புதான் இருக்கும், மறுபடி வளராது" என்று சொல்லியிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் ஓர் அறிவியல் பத்திரிகையில் படித்தேன். வரிக்குதிரை மீனின் இதயத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்தாலும், இரண்டு மாதத்தில் தழும்பில்லாமல் வளர்ந்துவிடுமாம். மிஞ்சியிருக்கும் தசைச் செல்களே பிரிந்து பெருகுமாம். நம் செல்கள் அந்த வேலையை எப்போதோ நிறுத்திவிட்டன. அவற்றைத் திரும்ப வேலை செய்ய வைக்க முடியுமா என்று பார்க்கிறார்களாம்.

நான் விலங்கியல் டீச்சர். எங்கள் பள்ளி ஆய்வகத் தொட்டியில் அதே மீன்கள் ஜாலியாகச் சுற்றிக்கொண்டிருந்தன. எனக்கு வயிறு எரிந்தது. உங்களுக்கு எதுக்கு இது? எங்களை மாதிரி பிள்ளைக்குக் கல்யாணம் பண்ணி வைக்கணுமா? இரண்டு நாள் அவற்றுக்குத் தீனி போடவில்லை.

ஆற்றாமையில் வீட்டிலும் சொல்லித் தொலைத்தேன். கணவரின் அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். ரத்தம் ஊற ஆட்டு மண்ணீரல், காலுக்குத் தெம்பு வர ஆட்டுக்கால் என்று உறுப்புக்கு உறுப்பு சமைத்துத் தருகிறவர் அவர்.

அடுத்த வெள்ளிக்கிழமை செம்பட்டியிலிருந்து தூக்குவாளியோடு வந்து இறங்கினார். தவக்காலம், கறிதான் ஆகாது, மீன் ஆகும். உள்ளே புளிக்குழம்பில் அதே வரிமீன்கள், பத்துப் பதினைந்து. கண்ணாடித் தொட்டிக்கு மீன் விற்கிற கடையில் வாங்கியிருக்கிறார்!

"மதினி, தின்னா வளராது. அது மீனோட செல்லுக்குள்ள நடக்குற வேலை."

"இம்புட்டுப் படிச்சு நீ என்னத்தக் கண்ட? செத்த நேரம் சும்மா இரு, என் தம்பி சாப்பிடட்டும்."

இப்போது மதினி மேலும் பொறாமை வந்தது. அவரால் நம்ப முடிந்தது, குழம்பு வைக்க முடிந்தது. என்னிடம் விளக்கம் மட்டும்தான் இருந்தது.

கணவர் அக்காவுக்காக முள்ளோடும் குடலோடும் மென்றார். "ஒரே கசப்புக்கா" என்று சிரித்தார். கடைசி மீனைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டுக் கை கழுவ எழுந்தார்.

"அதையும் சாப்பிடுங்க" என்றேன்.