ஐஸ்பெட்டி மேல் இருந்த என் நம்பர்

நான் ஆக்லாந்துக்கு வந்த பிறகும் என் மலேசியக் கைப்பேசி எண் கிள்ளானிலேயே தங்கிவிட்டது. அம்மா வீட்டு ஐஸ்பெட்டியின் மேல், ஒரு பழைய பொத்தான் ஃபோனுக்குள், எப்போதும் சார்ஜரில் செருகியபடி அது இருந்தது. லைன் செத்துவிடாமல் இருக்க அம்மா மாதாமாதம் கடையில் டாப் அப் போடுவார். நான் குடிபெயர்ந்துவிட்டேன், என் நம்பருக்கு மட்டும் விசா கிடைக்கவில்லை என்று வேலையிடத்தில் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வேன். உள்ளுக்குள் அது வேடிக்கையாக இல்லை.

காரணம் எளிது. என் மலேசிய வங்கிக் கணக்கிலிருந்து ஒரு காசு நகர வேண்டுமென்றாலும் வங்கி ஆறு இலக்க எண் ஒன்றை அந்த நம்பருக்கு அனுப்பும். எங்கள் ஊரில் அதை டேக் நம்பர் என்போம். அதை உடனே திரையில் தட்ட வேண்டும். கொஞ்ச நேரத்தில் காலாவதியாகிவிடும். நம்பரை மாற்றிக்கொள்ளலாமா என்று வங்கியைக் கேட்டேன். மாற்றலாம், அட்டையோடு பக்கத்தில் உள்ள எங்கள் ஏடிஎம்முக்குப் போங்கள் என்றார்கள். பக்கத்து ஏடிஎம்முக்கு நான் பத்து மணி நேரத்துக்கு மேல் பறக்க வேண்டும் என்றேன். அப்படியானால் அடுத்த முறை வரும்போது மாற்றிக்கொள்ளுங்கள் என்று கனிவாகச் சொல்லிவிட்டு, வேறு உதவி வேண்டுமா என்று கேட்டார்கள்.

இதில் என்னை அதிகம் எரிச்சல்படுத்தியது, இது எனக்குப் புரியாத விஷயம் அல்ல என்பதுதான். நான் மென்பொருள் சோதிப்பவள். மவுண்ட் வெல்லிங்டனில் கிடங்குகளுக்கு நடுவே இருந்த எங்கள் அலுவலகத்தில், அந்த ஆண்டு முழுக்க ஒரு வாடிக்கையாளருக்காக இதே போன்ற ஆறு இலக்க நுழைவுத் திரையைத்தான் சோதித்துக்கொண்டிருந்தேன். எண் எவ்வளவு சீக்கிரம் காலாவதியாகிறதோ அவ்வளவு பாதுகாப்பு என்று கூட்டத்தில் பேசியவளும் நானே.

அந்தக் குளிர்காலத்தில் என் வேலை விசாவைப் புதுப்பிக்க விண்ணப்பித்திருந்தேன். என் பட்டத்தின் மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டும், நான் கொடுத்த நகல் போதாது என்று கடிதம் வந்தது. ஒரு கெடு நாளும் போட்டிருந்தார்கள். அதற்குள் வராவிட்டால் கையில் இருப்பதை வைத்தே முடிவெடுப்பார்களாம். விசா போனால் வேலை போகும், வேலை போனால் இந்த ஊரே போகும். பல்கலைக்கழகத்தில் விசாரித்தேன். இன்று மதியத்துக்குள் கட்டணம் வந்துவிட்டால் இன்றே அனுப்பிவிடுவோம், இல்லையென்றால் அடுத்த வாரம்தான் என்றார்கள். அடுத்த வாரம் என்பது கெடுவுக்கு அந்தப் பக்கம். கட்டணமோ இரண்டு பேர் நாசி லெமாக் சாப்பிட்டு டீ குடிக்கிற காசு. ஆனால் மலேசிய வங்கிக் கணக்கிலிருந்து மட்டும்தான் வாங்குவார்கள்.

எங்களுக்கு மதிய உணவு இடைவேளை, கிள்ளானில் காலை. அலுவலக இணையத்தில் வங்கித் தளங்கள் திறக்காது. அதனால் சொந்த மடிக்கணினியை எடுத்துக்கொண்டு, பின்னால் லாரிகள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த மரப் பெஞ்சில் உட்கார்ந்து, கைப்பேசியின் இணையத்தைக் கணினிக்குக் கொடுத்தேன். அம்மாவைக் கூப்பிடுவதற்கு முன் எப்போதும் மனதுக்குள் ஒரு சரிபார்ப்பு ஓடும்: அம்மா வீட்டில் இருக்கிறாரா, மூக்குக்கண்ணாடி கையில் இருக்கிறதா, அடுப்பில் ஏதாவது இருக்கிறதா, ஃபோனில் சார்ஜ் இருக்கிறதா. எல்லாம் சரி என்று உறுதி செய்த பிறகே எண்ணை அனுப்பச் சொல்லி வங்கித் திரையில் அழுத்துவேன். அன்று அவசரத்தில் முதலில் அழுத்திவிட்டு அப்புறம் அம்மாவின் சொந்தக் கைப்பேசிக்குக் கூப்பிட்டேன்.

"பாப்பா! பசியாறிட்டியா?"

"இங்க இப்ப மத்தியானம் மா. டேக் நம்பர் வந்திருக்கும், பாருங்க."

"மத்தியானம்னா என்னா, சாப்ட்டியா இல்லியா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அம்மாவிடம் எதுவும் வாங்க முடியாது. சாப்பிட்டேன் என்றேன். என்ன சாப்பிட்டாய் என்றார். சாண்ட்விச் என்றேன். அதெல்லாம் ஒரு சாப்பாடா என்றார். பிறகு ஐஸ்பெட்டிப் பக்கம் நடந்துகொண்டே, "டேக்குன்னதும் ஞாபகம் வருது. நம்ம பின் வீட்டு அக்கா இருக்காங்கல்ல, அவங்களுக்கு ஒருத்தன் ஃபோன் பண்ணி, அம்மா நான்தான் உங்க மவன் ஆஸ்திரேலியாவுல இருந்து பேசுறேன்னு..."

"மா, நம்பர்."

"சொல்றேன்லா. குரல் கூட மவன் மாதிரியே இருந்துச்சாம். சளி புடிச்சிருக்குன்னானாம். டேக்கக் குடுத்துட்டாங்க, போச்சு. ஃபோர், த்ரீ, கோசோங்..."

அம்மாவுக்கு சைபர் எப்போதும் மலாயில் கோசோங்தான். ஆறு எண்களையும் தட்டினேன். காலாவதியாகிவிட்டது, தவறான முயற்சி ஒன்று என்றது திரை.

மறுபடி அழுத்தினேன். இம்முறை எதுவும் வரவில்லை என்றார் அம்மா. ஃபோன் தலையில் கடித உறை ஒன்று மட்டும் மின்னிக்கொண்டே இருக்கிறதாம். எனக்குப் புரிந்தது. இன்பாக்ஸ் நிறைந்துவிட்டது. பழைய செய்திகளை அழித்தால்தான் புதியது உள்ளே வரும்.

"பேங்க் மெசேஜ அழிக்காதீங்கன்னு நீதான சொன்ன?"

"அது அஞ்சு வருஷத்துக்கு முன்னால மா. இப்ப அழிங்க."

அம்மா ஒவ்வொன்றாக, அழிப்பதற்கு முன் எனக்குப் படித்துக் காட்டினார். கோழி விலைக்குறைப்பு. தீபாவளி ரீலோட் சலுகை. இரண்டாண்டுக்கு முந்தைய டேக். நடுவில், "இந்தா வந்துருச்சு!" என்று ஆறு எண்களைச் சொன்னார். தட்டினேன். அதுவும் ஏதோ பழையது. தவறான முயற்சி இரண்டு. இன்னொன்று தவறினால் கணக்கு பூட்டப்படும், திறக்க நேரில் வங்கிக் கிளைக்கு வரவும் என்று திரை சொன்னது. கிளையும் அந்தப் பத்து மணி நேரத்துக்கு அப்பால்தான் இருந்தது. மொத்தத்தையும் அழியுங்கள் மா என்று நான் கத்திக்கொண்டிருக்கும்போதே என் கைப்பேசி சார்ஜ் தீர்ந்து அணைந்தது. அதோடு கணினியின் இணையமும் போயிற்று.

எனக்குச் சட்டென்று குரல் உயராது. அன்று உயர்ந்திருந்தது. என்னுடன் வேலை செய்யும் யாழ்ப்பாணத்து அக்கா பக்கத்துப் பெஞ்சில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டப்பாவை மூடிவிட்டு வந்தார்.

"என்ன, உம்மட அம்மாவோட சண்டையோ?"

சொன்னேன். தன் ஃபோனை நீட்டினார். "இந்தாரும், நெட்டும் இதிலயே இருக்கு. கெதியாக் கதையும். உம்மட விசா போனா ஆர் எனக்கு வேலை சோதிச்சுத் தாறது?"

கணினியை அவருடைய இணையத்தில் இணைத்தேன். அவருடைய எண்ணிலிருந்தே அம்மாவைக் கூப்பிட்டேன். பின்னால் ஒரு லாரி பின்வாங்கியபடி பீப் பீப் என்று கத்தியது. பலமான காற்று வேறு. முதலில் இன்பாக்ஸ் காலியா என்று கேட்டேன். ஆமாம் என்றார் அம்மா, ஏதோ ஒரு மாதிரிக் குரலில். கடைசி முறையாக அழுத்தினேன்.

"வந்துருச்சு," என்றார்.

"சொல்லுங்க மா."

"இது என்னா நம்பரு? உன் நம்பர் இல்லியே."

"என் ஃபோன் செத்துப்போச்சு. கூட வேலை செய்றவங்களோடது."

"கொரலு ஒரு மாதிரியா இருக்கு."

"காத்து மா!"

"சளின்னுதான் அவனும் சொன்னானாம்."

பக்கத்தில் அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். என் கண் திரையின் மூலையில் குறைந்துகொண்டிருந்த விநாடிகளில் இருந்தது.

"மா, இது நான். நேரம் ஓடுது."

"நீதான்னா சொல்லு. பத்துமலையில தொலைஞ்சு போனது யாரு?"

இது எங்கள் வீட்டில் தீராத வழக்கு. எனக்கு ஏழு வயது இருக்கும். பத்துமலை முருகன் கோயில் தைப்பூசக் கூட்டத்தில் யாராவது தொலைந்தால் செருப்பைக் கழற்றி வைத்த இடத்துக்கு வந்துவிட வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார். கை விட்டுப்போனதும் நான் நேராக அங்கே போய், ஐந்து ஜோடி செருப்புக்கும் காவலாக நின்றேன். மற்ற எல்லாரும் தண்ணீர்ப் பந்தல் பந்தலாக என்னைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒலிபெருக்கியில் வேறு என் பெயரைக் கூவினார்கள். அன்றிலிருந்து நான் தொலைந்த கதையாகவே அதைச் சொல்கிறார்கள்.

யோசித்திருந்தால், அம்மா எதிர்பார்க்கும் பதிலைக் கணித்து 'நான்' என்று சொல்லியிருப்பேன். யோசிக்கவில்லை.

"நான் ஒண்ணும் தொலையல! சொன்ன எடத்துலதான் நின்னேன். செருப்புகிட்ட. நீங்க எல்லாரும்தான் தொலைஞ்சீங்க!"

லாரி ஓட்டுநர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

"ஆங்," என்றார் அம்மா. "எம் பொண்ணேதான். எளுதிக்க. நாலு, ஒம்போது, ஒம்போது, கோசோங், ரெண்டு, ஏளு."

தட்டினேன். திரை வெள்ளையாகி, ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு, இணைப்பு துண்டிக்கப்பட்டது, மீண்டும் முயலவும் என்று வந்தது. பணம் போனதா இல்லையா என்று எந்த இடத்திலும் இல்லை. மறுபடி முயன்றால் பூட்டிக்கொள்ளுமா என்றும் தெரியவில்லை. வேலையிடத்தில் இப்படி ஒரு திரையை நான் தேற விட்டிருக்கவே மாட்டேன்.

"பாப்பா, இன்னொரு மெசேஜ் வந்திருக்கு," என்றார் அம்மா. மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்யும் நேரம் எடுத்துக்கொண்டு, வங்கியின் பெயரிலிருந்து தொடங்கி, மலாயில் ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். தேதி படித்தார். நேரம் படித்தார். கடைசிச் சொல் 'பெர்ஜாயா'. வெற்றி. பணம் போய்விட்டது.

"முடிஞ்சுதோ?" என்றார் அக்கா.

"முடிஞ்சுது."

"எங்கட அம்மாவெண்டா இவ்வளவு கேட்டிருக்க மாட்டா. முதல் வந்தவனுக்கே குடுத்திருப்பா." டப்பாவைத் திறந்து மிச்சச் சோற்றை என் பக்கம் தள்ளினார். "ஓம், நீர் சாண்ட்விச்சும் சாப்பிடேல்லத்தானே. எனக்குத் தெரியும்."

மறுநாள் எங்கள் சோதனைப் பட்டியலில் ஒரு சூழ்நிலையைச் சேர்த்தேன்: எண்ணைப் பெறுபவர் ஒரு நாட்டில், அதைத் தட்டுபவர் வேறொரு நாட்டில். எங்கள் மேலாளர் அதைப் படித்துவிட்டு, இப்படி யாருக்கு நடக்கும் என்று கேட்டு நீக்கிவிட்டார்.

மதிப்பெண் பட்டியல் கெடுவுக்கு முன் போய்ச் சேர்ந்தது. விசா வந்தது. அந்த ஆண்டுக் கடைசியில் விடுமுறைக்கு ஊருக்குப் போனதும் முதல் வேலையாக வங்கி ஏடிஎம்மில் வரிசையில் நின்றேன். நம்பரை மாற்றும் பக்கத்துக்குப் போனேன். நியூசிலாந்து எண்ணை எப்படித் தட்டினாலும் வாங்க மறுத்தது. மலேசிய எண் மட்டும் என்றது. உள்ளே போய்க் கேட்டேன். ஆமாம், உள்நாட்டு எண் மட்டும்தான் என்றார்கள். இதை ஏன் தொலைபேசியில் சொல்லவில்லை என்றேன். நீங்கள் கேட்கவில்லையே என்றார்கள்.

வீட்டுக்கு வந்து, அந்தப் பொத்தான் ஃபோனை மறுபடி சார்ஜரில் செருகினேன். அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"மாத்த முடியலியா? நான்தான் சொன்னேன்லா, இங்கயே இருக்கட்டும்னு," என்றார். பிறகு, "ஆனா அந்தப் பத்துமலை கேள்விய இனிமே கேக்க முடியாது. பக்கத்துல ஒரு பொண்ணு சிரிச்சிக்கிட்டு இருந்தா. அவளுக்கு இப்பத் தெரிஞ்சிருச்சு."

"அவங்க என் ஃப்ரெண்டு மா."

"இருக்கட்டும். வேற கேள்வி வச்சிருக்கேன்."

"என்னா கேள்வி?"

"இப்பவே சொல்லிட்டா அப்புறம் அது என்னா கேள்வி?" என்றார் அம்மா. ஈரக் கையைத் துடைத்துவிட்டு, ஃபோனை ஐஸ்பெட்டி மேல் சுவரோரமாக, கீழே விழாதபடி, இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தார்.