மெயில் சர்வர் கேட்ட மன்னிப்பு

தொண்ணூறுகளின் கடைசியில், கிணத்துக்கடவு பக்கம் ஒரு பம்ப் கம்பெனியின் மெயில் சர்வர் என் பொறுப்பில் இருந்தது. குப்பை மெயில்கள் வந்து கொட்டின. அவற்றை அனுப்பும் முகவரிகளைப் பட்டியல் போட்டுத் தரும் வெளிநாட்டு அமைப்புகளோடு சர்வரை இணைத்தேன். பட்டியலில் இருப்பவரின் மெயில் இனி உள்ளே வராது. எனக்கு ஒரே பெருமை.

"யாரு சொல்லி யாரைத் தடுக்கறே கண்ணு? காட்டு" என்று முதலாளியம்மா வந்து நின்றார்.

கறுப்புத் திரையில் கட்டளையை அடித்தேன். அந்த அமைப்புகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும், தடுக்கப்பட்டவருக்குப் போகும் பதில் இருந்தது. படித்துச் சொன்னேன்: "மெயில் நிராகரிக்கப்பட்டது."

அம்மாவின் முகம் சுருங்கியது. "ஊட்டுக்கு வந்தவங்ககிட்ட இப்படியா பேசுவாங்க?"

"எல்லாம் குப்பை அனுப்பறவங்கதானுங்கம்மா."

"அதுல ஒரு நல்ல மனுசன் இருந்துட்டா? 'மன்னிக்கோணுங்க, உங்க மெயில எடுக்க முடியலீங்க, ஒரு போன் பண்ணுங்க'ன்னு நம்பரோட போட்டுடு."

உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் அடித்தேன். அத்தனை 'ங்க'வுக்கும் ஈடுகட்ட இரண்டு 'ப்ளீஸ்' தேவைப்பட்டது.

சில நாளில் நைரோபியிலிருந்து ஒரு பம்ப் வியாபாரி போனில் வந்தார். அவருடைய இன்டர்நெட் கம்பெனி பட்டியலில் மாட்டியதால் அவர் மெயில்களும் திரும்பியிருக்கின்றன. "பம்ப் ஆர்டரோடு வேறு கம்பெனிக்குப் போக இருந்தேன். இந்தப் பதிலைப் பார்த்ததும் மனம் வரவில்லை" என்றார்.

ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மா ஆர்டரைப் பற்றிக் கேட்கவில்லை.

"சாப்டாங்களான்னு கேட்டயா கண்ணு?"

கேட்கவில்லை. அதன்பின் எத்தனையோ சர்வர்களைப் பார்த்துவிட்டேன். எல்லாவற்றிலும் அந்தப் பதிலை அம்மா சொன்னபடியேதான் எழுதுகிறேன். அதைப் பார்த்து யார் போன் செய்தாலும், முதலில் சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிடுகிறேன்.