மச்சம் இல்லாத மாமா

என் மாமா போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் எங்கள் தெருவில் பாதிப் பேர் முழிப்பார்கள். "டச்சிங் மாமா கடை எங்கே?" என்று கேட்டால் கையைப் பிடித்து வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிடுவார்கள்.

எடுத்த போட்டோவைக் கணினியில் போட்டு முகத்தைச் சீர்செய்வதுதான் டச்சிங். மற்ற கடைகளில் ஒரு பருவை எடுப்பார்கள், மூக்கு நுனிப் பளபளப்பைக் குறைப்பார்கள், அவ்வளவுதான். மாமாவுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. அவர் மவுஸை ஆட்டினால் கண்ணுக்கடியில் இருக்கும் கருவளையம் காணாமல் போகும், தொங்கும் தாடை ஏறிக்கொள்ளும், முன்வழுக்கையில் பயிர் முளைக்கும். அடையாள அட்டைக்கு ஒட்டும் சின்னப் படத்துக்கும் இதே உபசாரம்தான். "காசு குடுத்து வர்றவங்க சந்தோஷமா போகணும்" என்பார்.

அத்தை கவுண்டரில் நின்று படங்களை வெட்டிச் சின்னக் கவரில் போடுவார். கவரை நீட்டும்போதே, "நீங்கதான்னு ஒரு தடவை பாத்துக்கங்க" என்று சொல்வது அவர் வழக்கம். நான் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, "அடுத்து என்ன?" என்று யாரும் கேட்காத இடம் இது ஒன்றுதான் என்பதால் பகலெல்லாம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் மாமாவின் கணக்கு பூட்டிக்கொண்ட கதையை முழுதாகப் பார்க்கக் கிடைத்தது.

மாமாவின் கேமராவில் ஷட்டர் மாட்டிக்கொண்டது. பழுதுபார்ப்பவர் கையை விரித்துவிட்டார். மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்தில் வகுப்பு வகுப்பாகக் குழுப்படம் எடுக்கவேண்டும். வருடத்தில் மாமாவுக்குக் கிடைக்கும் பெரிய வேலை அது ஒன்றுதான். எதிர்வரிசையில் புதிதாக வந்த கண்ணாடிக் கதவு ஸ்டுடியோ அந்த வேலைக்காகக் கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தது. நல்லவேளையாக, தொழிலை விட்டுவிட்ட ஒரு போட்டோகிராபர் தன் கேமராவை விற்கச் சம்மதித்தார். "சாயங்காலம் வரைக்கும் வச்சிருப்பேன். அப்புறம் இன்னொருத்தர் வந்து எடுத்துட்டுப் போயிடுவார்" என்று சொல்லிவிட்டார்.

பணம் இருந்தது. ஆனால் எல்லாம் போனில் இருக்கும் பணக்கணக்கில் இருந்தது. மாமா அப்போதுதான் புது போன் வாங்கியிருந்தார். அதில் செயலியைத் திறந்ததும், "இது நீங்கள்தான் என்பதை உறுதிசெய்யவும்" என்று வந்தது. அட்டையையும் முகத்தையும் காட்டவேண்டும்.

"இவ்வளவுதானே? நம்ம தொழிலே இதுதானே!" என்றார் மாமா.

அங்கேதான் ஆரம்பித்தது வினை. வேறு யாராவது இருந்தால் ஜன்னலோரம் நின்று முகத்தைக் காட்டிவிட்டுப் போயிருப்பார்கள். மாமா ஸ்டுடியோ விளக்குகளைப் போட்டார். இந்தப் பக்கம் ஒளியைப் பரப்ப ஒரு குடை, அந்தப் பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல். நெற்றியில் பவுடர். போனை ஸ்டாண்டில் மாட்டி, தன் நல்ல பக்கம் தெரியும்படி முக்கால்வாசி திரும்பி உட்கார்ந்தார்.

"நேராகப் பார்க்கவும்" என்றது போன்.

"இவனுக்கு ஆங்கிளே தெரியலையே" என்று முணுமுணுத்துக்கொண்டு திரும்பினார். கண்ணைச் சிமிட்டச் சொன்னது, சிமிட்டினார். இடப்பக்கம் திரும்பச் சொன்னது, திரும்பினார். இத்தனை வருடமாக ஊரையே ஆட்டிவைத்த மனிதரை ஒரு போன் ஆட்டிவைத்ததைப் பார்த்து அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

முகம் பொருந்தவில்லை என்று வந்தது. குடையை நகர்த்திவிட்டு மறுபடி முயன்றார். பொருந்தவில்லை. இன்னும் கொஞ்சம் பவுடர். அதோடு கணக்கே பூட்டிக்கொண்டது.

நான் மேசைமேல் கிடந்த அடையாள அட்டையை எடுத்துப் பார்த்தேன். அதில் சினிமாவுக்கு முயற்சி செய்பவரைப் போல ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார். அடர்த்தியான முடி. ஒட்டிய காது. மாமாவின் இடது கன்னத்தில் மிளகு அளவுக்கு இருக்கும் மச்சத்தின் சுவடே இல்லை.

"மாமா, இது யாரு?"

"என்ன கண்ணு இப்படிக் கேட்டுட்ட? நான்தான்!"

"உங்களுக்கு ஒரு தம்பி இருந்திருந்தா இப்படி இருந்திருப்பாரு" என்றார் அத்தை.

உதவி எண்ணுக்கு வீடியோவில் அழைத்தோம். இயந்திரக் குரல் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று சுற்றவிட்டு, கடைசியில் ஒரு பெண்ணிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவள் அட்டையைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். மறுபடி அட்டையைப் பார்த்தாள்.

"சார், கார்டுல இருக்கறது நீங்கதானா?"

"நானேதான்மா."

"அவரு ரொம்ப இளமையா இருக்காரே."

"தேங்க்ஸ்மா."

"பாராட்டல சார். விசாரிக்கறேன். உங்க கன்னத்துல மச்சம் இருக்கு. படத்துல இல்ல."

"அதை எடுத்துட்டேன்."

"ஆஸ்பத்திரியிலயா? எடுத்திருந்தா எப்படி சார் இன்னும் இருக்கு?"

மாமா தொழில் ரகசியத்தை விளக்க ஆரம்பித்தார். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ வேற ஏதாவது அட்டை இருந்தா காட்டுங்க சார். போட்டோ உங்க கடையில எடுக்காததா இருக்கணும்" என்றாள். கெட்டிக்காரி.

மாமா யோசித்தார். பான் கார்டு, ஸ்டுடியோ சங்க அட்டை, நூலக அட்டை. எல்லாவற்றிலும் அவரே கைவைத்திருந்தார்.

"லைசென்ஸ் இருக்கே" என்றார் அத்தை.

"அது தொலைஞ்சுபோச்சு."

"தொலைஞ்சுபோன லைசென்ஸை வச்சுக்கிட்டா தினம் ஸ்கூட்டர் ஓட்டுறீங்க?"

வெளியே வெயில் இறங்க ஆரம்பித்திருந்தது. கேமராக்காரர் ஒருமுறை அழைத்து, "வர்றீங்களா, இல்லையா?" என்று கேட்டுவிட்டார். கண்ணாடிக் கதவு ஸ்டுடியோவில் விளக்கு எரிந்தது. மாமா அதையே சற்று நேரம் பார்த்தார். பிறகு பர்ஸைத் திறந்து லைசென்ஸை எடுத்து, எங்கள் முகத்தைப் பார்க்காமல் மேசையில் வைத்தார்.

முகம் இருக்கவேண்டிய இடத்தில் எங்கள் ஸ்டுடியோ ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

"அடப்பாவி மனுஷா!" என்றார் அத்தை. "போலீஸ்காரங்க கேக்க மாட்டாங்களா?"

"யாரும் நிறுத்தினதில்ல. நான் ஓட்டுற வேகத்துக்கு அவங்களே என்னைத் தாண்டிப் போயிடுவாங்க."

முடி உலர்த்தும் கருவியால் ஸ்டிக்கரைச் சூடாக்கி, அத்தை நகத்தால் மெல்ல உரித்தார். உள்ளே இருந்த படத்தைப் பார்த்து எனக்கு மூச்சே நின்றுவிடும்போல் சிரிப்பு வந்தது. பாதி மூடிய கண், பாதி திறந்த வாய், இரண்டு பக்கமும் விறைத்த காது, நடுநாயகமாக மச்சம்.

"லைசென்ஸ் ஆபீஸ்ல அவங்க கேமராவுலதான் எடுப்பாங்க. லைட்டு தலைக்கு மேல இருக்கு, கொஞ்சம் முன்னாடி தள்ளுங்கன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். சொல்லி முடிக்கறதுக்குள்ள அழுத்திட்டாங்க" என்றார் மாமா. குரலில் கோபம் இன்னும் ஆறவில்லை.

அட்டையைத் திரைக்கு முன்னால் பிடித்தார். அந்தப் பெண் இருமுவதுபோல் கொஞ்ச நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இது நீங்கதான் சார். எனக்குச் சந்தேகமே இல்ல."

"அவ்வளவு அழுத்திச் சொல்லாதம்மா."

அவள் மறுபடி முகம் காட்டப் புது இணைப்பு அனுப்பினாள். இந்த முறை மாமா விளக்கை அணைத்து, பவுடரைத் துடைத்துவிட்டு, ஜன்னலோரம் போய் நின்றார். ஒரே தடவையில் பச்சைக் குறி விழுந்தது. கணக்கு திறந்தது. மாமா ஸ்கூட்டரில் கிளம்பிய வேகத்தை அன்று போலீஸ்காரர்கள் பார்த்திருந்தால் நிச்சயம் நிறுத்தியிருப்பார்கள். கேமரா வந்தது. மறுநாள் பள்ளிக்கூடத்துப் படங்களும் எடுத்தாயிற்று.

ஆனால் அந்தப் பெண் அழைப்பை வைக்கும் முன்னால் ஒன்று சொல்லியிருந்தாள்: "அடையாள அட்டையில படத்தை மாத்திடுங்க சார். இல்லன்னா அடுத்த தடவையும் பூட்டிக்கும்." மாமா "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டு அதை அப்படியே கிடப்பில் போட்டார். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினார்.

அடுத்த வாரம் பக்கத்துக் கடைத் தையல்கார அக்கா போனைத் தூக்கிக்கொண்டு புயல்போல் உள்ளே வந்தார்.

"என் கணக்கையும் பூட்டிட்டான்! முகம் வேறயாம். எல்லாம் உன் கைவேலை!"

"நீதானே கேட்ட? கன்னத்தை ரெண்டு பக்கமும் கொஞ்சம் பிடிச்சுவிடுன்னு?"

"ஜாக்கெட்டைப் பிடிக்கற மாதிரி நீ பிடிப்பேன்னு நான் கண்டேனா? ஒரு ஆளே காணாமப் போயிட்டா!"

"சரி, உக்காரு. புதுசா எடுக்கறேன். ஆனா டச்சிங் கிடையாது. உள்ளது உள்ளபடிதான்."

அக்கா இடுப்பில் கைவைத்தார். "அப்போ உன் அட்டைக்கு முதல்ல அப்படி எடுத்துக் காட்டு. அப்புறம் நான் உக்கார்றேன்."

மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை கத்தரிப்பதை நிறுத்தாமலே, "நியாயம்தானே" என்றார்.

வேறு வழியில்லாமல் மாமா புதுக் கேமராவை என் கையில் கொடுத்துவிட்டு ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். குடை வேண்டாம் என்றார் அக்கா. நான் அழுத்தினேன். படம் கணினியில் விரிந்தது, அட்டைப் படத்தை மாற்றும் விண்ணப்பம் அதன் பக்கத்திலேயே திறந்திருந்தது. கொஞ்சம் களைத்த முகம், மெலிந்த முடி, மச்சம். மாமாவின் கை தானாக மவுஸுக்குப் போனது. அம்புக்குறி கன்னத்தில் ஏறி, மச்சத்தின்மேல் போய் நின்றது.

அம்புக்குறி நகர்ந்து வந்து, அனுப்பு என்ற பொத்தானுக்குப் பக்கத்தில் நின்றது.

"இதோ, இந்த ஆளைத்தான் நான் தினம் கடையில பாக்கறேன்" என்றார் அக்கா.

மாமாவுக்கு அது பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். தலையைச் சாய்த்துப் படத்தை இன்னொரு தரம் பார்த்தார்.

"காதை மட்டும் கொஞ்சம்..." என்றார்.

அத்தை கத்தரிக்கோலை வைத்துவிட்டு, அவர் கைக்கு மேல் கைவைத்து, பொத்தானை அழுத்தினார்.