தூரத்தில் வருவதாகத் தெரிந்த வண்டி

இன்னைக்கு செங்கோட்டையில தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு, இருட்டின பிறகு தென்காசிக்குத் திரும்பினேன். கார்ல நான் மட்டும்தான். நல்ல சாரல்.

எங்க பழைய காரோட ஹெட்லைட் கண்ணாடி ரெண்டும் வெயில்ல மஞ்சளாகிப் போச்சு. பல்பு எரியும், வெளிச்சம் வெளிய வராது. "அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம்"னு வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லியே குற்றாலச் சாரல் சீசன் வந்துட்டு.

இலஞ்சி விலக்குப் பக்கம் ஒரு அக்கா திடீர்னு ரோட்டுக்குள்ள வந்துட்டாங்க. பிரேக்கை மிதிச்சேன். அவங்க சேலையை உரசிக்கிட்டு வண்டி நின்னுச்சு.

இறங்கி அவங்ககிட்ட ஓடினேன். "அடி பட்டுட்டா அக்கா? பாத்து வரக்கூடாதா?"

"ஒண்ணுமில்ல தாயி. பாத்துதான் வந்தேன். வெளிச்சம் மங்கலா தெரிஞ்சுச்சா, வண்டி எங்கனயோ தூரத்துல வருதுன்னு நெனச்சிட்டேன்."

கொஞ்ச நேரம் அந்த லைட்டையே பாத்துக்கிட்டு நின்னாங்க.

"எங்க வீட்டு ஆளும் இந்த ரோட்டுலதான் அடிபட்டுப் போனாவ. வண்டி வருததுகூடவா தெரியலன்னு இம்புட்டு நாளும் அந்த மனுசனத்தான் ஏசிக்கிட்டு இருந்தேன்."

வீட்டுல கொண்டு விடுதேன்னு கூப்பிட்டேன். "நீ பைய போ"ன்னு சொல்லிட்டு நடந்துட்டாங்க.

மிச்ச ரோட்டை ஊர்ந்துதான் கடந்தேன். ஓரமா நின்ன ஒவ்வொருத்தரும் நான் இன்னும் தூரத்துல இருக்கேன்னு நெனக்காங்களோன்னு பயம்.

தென்காசியில ஹெட்லைட் கண்ணாடிக்கு நல்லா பாலிஷ் போடுத இடம் தெரிஞ்சா சொல்லுங்க. எந்நேரம்னாலும் கமெண்ட் போடலாம், இன்னைக்கு எனக்குத் தூக்கம் வரப்போறதில்ல.